அடுத்த வாசிப்புக்கு எந்தப் புலம்பெயர்வு நாவல்?

நாகர்கோவிலில் நாங்கள் மாதாமாதம் கூடிப் பேசுகிற வாசிப்பு வட்டத்தில், அடுத்தது புலம்பெயர்வு பற்றிய நாவல் என்று முடிவாகிவிட்டது. எந்த நாவல் என்பதில்தான் இழுபறி. பட்டியலில் இருப்பவை: பென்யாமினின் ஆடுஜீவிதம், ஜும்பா லாஹிரியின் நேம்சேக், சிமமாண்டா அடிச்சியின் அமெரிக்கானா, மொஹ்சின் ஹமீதின் எக்ஸிட் வெஸ்ட், நாஞ்சில் நாடனின் எட்டுத்திக்கும் மதயானை, ஷோபாசக்தியின் கொரில்லா. நான் சேர்த்தது அப்துல்ரசாக் குர்னாவின் பை த ஸீ. ஏழையும் வாசித்திருக்கிறேன், அதனால் என் தரப்பை எழுதியே வைத்துவிடுகிறேன். கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் யாரும் யாரையும் முடிக்க விடுவதில்லை. கதை முடிவுகள் சில வெளியே வரும், அது பிடிக்காதவர்கள் கடைசி இரண்டு பத்தியை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அடையாளம், வேர்கள், இரு உலகங்களுக்கு நடுவே என்றெல்லாம் பின்னட்டையில் அச்சடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிடும். அம்மா சமைப்பாள், மகன் பள்ளியில் டிபன் டப்பாவைத் திறக்க வெட்கப்படுவான், முப்பது வயதில் அதே வாசனைக்கு அழுவான், புத்தகம் முடிந்துவிடும். நம்மூரில் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ள அவன் என்ன சாப்பிடுகிறான் என்று யார் கேட்கிறார்கள்? "எந்த ஊராக்கும், யாருக்க மவன், வீடு எங்க?" இதுதானே கேள்வி. அதாவது உன்னைத் தெரிந்தவன் எவனாவது உண்டா, உனக்கு எங்கே எத்தனை சென்ட் இருக்கிறது, உன் அப்பா யாரிடம் கடன் வாங்கினார், யாருக்குக் கொடுத்து ஏமாந்தார். ஒரு ஊரைச் சேர்ந்தவனாக இருப்பது என்பது முக்கால்வாசி இதுதான். கல்ஃபில் இருபது வருஷம் கிடந்தவர் கருங்கலிலோ தக்கலையிலோ வீடு கட்டுவதும், அவர் திரும்பி வரும்போது அந்த வீட்டின் பேரிலேயே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோவதும் நாம் பார்க்காததா?

இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு 'சொந்த மாநிலம்' என்பதே ஒரே இடத்தில் நின்றது கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்காதவர்கூட அன்றைக்கு மாநிலம் மாறினார். ஆகவே, 'போனவன் தொலைத்தான், இருந்தவன் காப்பாற்றினான்' என்று எழுதுகிற நாவல் இங்கே எடுபடாது.

சரி, ஒவ்வொன்றாக.

ஆடுஜீவிதத்துக்குத்தான் ஆதரவு அதிகம். 2008இல் மலையாளத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது, விளவங்கோடு பக்கத்தவர்கள் சிலர் மூலத்திலேயே வாசித்துவிடுவார்கள். ஆற்றில் மணல் வாரிக்கொண்டிருந்த நஜீப் ரியாத் விமான நிலையத்தில் இறங்குகிறான், யாரோ ஒரு அர்பாப், அதாவது அரபி முதலாளி, அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலைவனத்து ஆட்டுப் பட்டியில் விட்டுவிடுகிறான், காய்ந்த குபூஸ் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்று அவன் மூன்று வருஷத்துக்கு மேல் கிடக்கிறான். ஆடுகளுக்கு ஊர்க்காரர்களின் பெயர்களை வைத்துக் கூப்பிடுகிறான் பாருங்கள், என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம் அதுதான். தன்னைத் தெரிந்தவர்கள் யாருமே இல்லாத இடத்தில் ஒருவன் தனக்கு ஒரு ஊரை உண்டாக்கிக்கொள்கிறான். ஆனால் 2024இல் படம் வந்த பிறகு கதை எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தில் பேச்சு பிருத்விராஜ் எத்தனை கிலோ குறைத்தார் என்பதில் போய் நின்றுவிடும் என்று பந்தயமே கட்டுவேன். அதைவிடப் பெரிய குறை, நஜீப் மீண்டதும் நாவல் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவனுக்கு அந்த ஊர் என்னவாக இருந்தது, அவன் பார்க்காமலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அவன் யாராக இருந்தான்? நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உள்ள கதை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

நேம்சேக் 2003இல் வந்தது, மீரா நாயர் படமாகவும் எடுத்தார். நான் பயப்படுகிற டிபன் டப்பா வகைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகும், ஆனால் விழுந்துவிடாது. விழாமல் பிடித்து நிறுத்துவது அம்மா அஷிமா. 1968இல் கேம்பிரிட்ஜ் நகரத்துச் சமையலறையில் நிறைமாதமாக நின்றுகொண்டு, கல்கத்தாத் தெருவில் விற்கும் ஜால்முரிக்குக் கிட்டத்தட்ட ஒன்றை, அமெரிக்கக் கடையில் கிடைக்கும் அரிசிப் பொரியைக் கொண்டு செய்துபார்க்கிறாள். குழந்தைக்கு அஷிமாவின் பாட்டி தேர்ந்தெடுத்த பெயர் இருக்கும் கடிதம் தபாலில் தொலைந்துபோக, ரஷ்ய எழுத்தாளர் கோகலின் பெயர் பையனுக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரோடு அவன் படும் பாடுதான் கதையின் பெரும்பகுதி. எனக்கு அவன் காதல்கள் அலுப்பு. அஷிமா மட்டும் கடைசியில் ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்று தீர்மானிக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் அமெரிக்கா போய், பனியில் வெளியே இறங்க முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு வரும் வடசேரி, செட்டிகுளம் அம்மாக்களுக்கு இந்த நாவலைக் கொடுத்தால் அவர்கள் பேசுவது வேறு விதமாக இருக்கும். எங்கள் வட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லை. வட்டத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம்.

எக்ஸிட் வெஸ்ட் (2017) இருப்பதிலேயே சின்னது, இரண்டு நாளில் முடிந்துவிடும். போர் சூழ்ந்த, பெயர் சொல்லப்படாத நகரத்தில் சயீதும் நாதியாவும். கறுப்பு அங்கி போட்ட நாதியா தொழுவதில்லை, சயீத் தொழுவான். நகரத்தில் சில கதவுகள் திடீரென்று வேறு நாட்டுக்குத் திறக்கின்றன, அவர்கள் மைக்கோனோஸ் தீவு, லண்டன், கலிஃபோர்னியா என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். பயணத்தையே ஹமீத் தூக்கி எறிந்துவிட்டார், அதைப் பலர் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதுதான் உதைக்கிறது. நம் கடற்கரைக்காரர்களிடம் போய்க் கதவைத் திறந்தால் அக்கரை என்று சொல்லிப் பாருங்கள். ஈரானிலும் சவுதியிலும் பஹ்ரைனிலும் பிறத்தியார் படகில் மீன்பிடிக்கப் போனவர்கள் அவர்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் ஈரானில் மாட்டிக்கொண்டவர்களைக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கும்வரை இங்கே வீடுகளில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பயணமும் தாளும் முதலாளி கையில் இருக்கும் பாஸ்போர்ட்டும்தான் அங்கே பாதிக் கதை.

ஆனாலும் இந்த நாவலில் ஒரு சின்னப் பகுதிக்காக இதை முழுசாகத் தள்ளிவிட மனசில்லை. பாலோ ஆல்டோ நகரத்தில் ஒரு மூதாட்டி, பிறந்ததிலிருந்து அதே வீட்டில்தான் இருக்கிறாள், எங்கும் போகவில்லை. ஆனால் சுற்றி எல்லாமே மாறிப்போய், தன் தெருவில் தனக்கே யாரையும் தெரியாத நிலைமை. 1956க்கு முன்னால் பிறந்த, மலையாளத்தில் பள்ளிப் படிப்பு முடித்த தாத்தா ஒருவர் உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சில பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டத் தோன்றும்.

எட்டுத்திக்கும் மதயானையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பட்டியலில் நம் மண்ணிலிருந்து கிளம்பும் நாவல் இது ஒன்றுதான். நாஞ்சில் நாட்டுக் கிராமத்தை விட்டு ஓட நேர்ந்த பூலிங்கம் வடக்கே ஊர் ஊராக அலைந்து பம்பாயின் இருட்டுத் தொழில்களுக்குள் போய்ச் சேர்கிறான். 1998இல் வந்தது. ஆசிரியர் வீரநாராயணமங்கலத்துக்காரர், பம்பாயில் வேலை பார்த்தவர், அதனால் மொழியில் ஒரு இடத்திலும் பொய் கிடையாது. எங்கள் வட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே வாசித்தாயிற்று, இரண்டு பேர் இரண்டு தடவை. வாசிக்காதவர்கள் இதைப் படிக்காமல் மற்ற ஆறையும் படிப்பது அநியாயம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்கானாவுக்கு வருவோம். 2013இல் வந்தது. இஃபெமெலு நைஜீரியாவிலிருந்து படிக்கப் போய் அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பத் தீர்மானிக்கிறாள். பிரின்ஸ்டனில் தன் மாதிரித் தலைமுடிக்குப் பின்னல் போட ஆள் இல்லாததால் ரயிலேறி ட்ரென்டனுக்குப் போகிறாள், அந்தப் பின்னல் கடையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் பாதி நாவல் நடந்து முடிகிறது. தொலைபேசியில் ஒருவன் "நீங்கள் அப்படியே அமெரிக்கர் மாதிரிப் பேசுகிறீர்கள்" என்று பாராட்டுகிறான், இவள் நன்றி சொல்லிவிடுகிறாள். நன்றி சொன்ன பிறகு உள்ளே குத்துகிறது, அன்றைக்கே அந்த உச்சரிப்பை விட்டுவிடுகிறாள். அவள் காதலன் ஒபின்ஸே லண்டனில் வேறொருவன் பெயரிலுள்ள தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து வேலை பார்த்து, அங்கே தங்குவதற்கான தாளுக்காக ஒரு கல்யாணம் செய்யப்போய், அந்தக் கல்யாண நாளிலேயே பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறான். ஊரில் வந்து பெரிய பணக்காரன் ஆகிறான். யாரும் பட்டினியாலோ போராலோ ஓடவில்லை, இங்கே இருந்தால் ஒன்றும் நடக்காது என்ற சலிப்பில் கிளம்புகிறார்கள், இது நம் பிள்ளைகளின் காரணமும்கூட.

ஆனால் நான் இந்த நாவலைத் தூக்கிப் பிடிப்பது திரும்பி வந்த பிறகுள்ள பகுதிக்காக. லாகோஸில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், கூடிக் கூடி அங்கே கிடைத்தது இங்கே கிடைக்கவில்லை என்று குறை சொல்வதுதான் அதன் வேலை. இஃபெமெலு அவர்களைக் கிண்டலடிக்கிறாள், ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் அவளுக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் துபாய்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் ஒரே மேசையில் சேர்ந்துவிட்டால் கேட்டுப் பாருங்கள், ரோடு, கரண்டு, கியூவில் நிற்கத் தெரியாத ஜனம் என்று அட்சரம் பிசகாது. குறை என்றால் நீளம்தான். ஆங்கிலத்தில் ஐந்நூறு பக்கத்தை நெருங்குகிறது, அமெரிக்க இனப் பிரச்சினையைப் பற்றிய வலைப்பதிவுகள் நடுநடுவே வந்துகொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் வேலைக்குப் போகிறவர்கள் முடிக்கமாட்டார்கள்.

பை த ஸீக்கு இப்போது நான் வக்காலத்து வாங்க வேண்டும். குர்னா 1948இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபார் தீவில் பிறந்தவர், 1964 புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் பிரிட்டனுக்குப் போனவர், 2021இல் நோபல் பெற்றவர். இந்த நாவல் வந்தது 2001இல். அறுபத்தைந்து வயது சாலிஹ் ஓமர் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், தெரியாத மாதிரி நிற்கிறார், அப்படி நிற்கச் சொல்லித்தான் டிக்கெட் விற்றவன் அனுப்பியிருக்கிறான். பாஸ்போர்ட்டில் இருப்பது அவர் பெயர் இல்லை, செத்துப்போன ரஜப் ஷாபான் மஹ்மூத் என்பவரின் பெயர். கையில் ஒரு சின்னப் பெட்டியில் ஊது என்கிற வாசனைக் கட்டை, அதைக் குடியேற்ற அதிகாரி எடுத்துக்கொண்டுவிடுகிறார். இதுவரைக்கும் வழக்கமான அகதி நாவல்தான்.

அப்புறம் நடப்பதுதான் விஷயம். கடலோரச் சிற்றூரில் அவரை வைத்துவிட்டு, மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள். கிடைக்கும் ஆள் லத்தீஃப் மஹ்மூத், லண்டனில் கல்லூரி ஆசிரியர், அந்தச் செத்துப்போன ரஜப்பின் மகன்! தன் அப்பா பெயரில் ஒருவர் வந்திறங்கியிருக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? அதுவும் அந்த ஆள் தன் குடும்பத்து வீட்டைக் கடன் பத்திரத்தைக் காட்டி எடுத்துக்கொண்டவர் என்றால்? பஹ்ரைனிலிருந்து பருவக்காற்றோடு வந்த ஹுசைன் என்ற வியாபாரி, ரஜப்பின் வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து சாலிஹிடம் பணம் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை, வீடு சாலிஹ் கைக்கு வந்துவிட்டது. ரஜப் குடும்பம் சும்மா விடவில்லை, ஆட்சி மாறிய பின் அவர்களுக்கு அதிகாரத்தில் ஆள் இருந்தது, சாலிஹ் வருஷக்கணக்காகச் சிறையில் கிடந்தார், வெளியே வந்தபோது மனைவியும் மகளும் உயிரோடு இல்லை. இப்போது இந்த இரண்டு பேரும் இங்கிலாந்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, மாறி மாறித் தங்கள் தரப்பைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நாவலே அவ்வளவுதான். ஆனால் இந்தப் பட்டியலில் வேறு எதிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அந்த அயல்நாட்டில் சாலிஹ் யார் என்று தெரிந்த ஒரே மனிதன் அவருடைய பகையாளியின் மகன். அன்பானவர்கள் யாரும் மிச்சமில்லை. யாருக்க மவன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் மீதி இருப்பவன் வீட்டைப் பறிகொடுத்தவன்தான், அவன் வந்து உட்கார்ந்ததும் அந்த அறை ஊராகிவிடுகிறது. பண்டிகை இல்லை, பாட்டு இல்லை, சாப்பாட்டு ஏக்கம் இல்லை. பத்திரம், வட்டி, வீடு, வழக்கு. சொத்துத் தகராறில் மூன்று தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் அபுதாபியில் ஒரே கம்பெனி அறையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்று யோசித்தால் போதும். யார் சொல்வது உண்மை என்று குர்னா தீர்ப்பும் சொல்வதில்லை, அதனால் கூட்டத்தில் சாலிஹ் கட்சி, லத்தீஃப் கட்சி என்று பிரிந்து அடித்துக்கொள்ளலாம். கெடுதல் என்று பார்த்தால் நடை மெதுவானது, முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். இடையில் லத்தீஃப் கிழக்கு ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பகுதி எனக்கு நீளமாகப் பட்டது.

இதற்கு நேர் போட்டி கொரில்லாதான். 2001இலேயே வந்த நாவல், எழுதியவர் ஈழத்துக்காரர், பிரான்ஸில் இருப்பவர், கேன்ஸில் பெரிய பரிசு வாங்கிய தீபன் படத்தில் நடித்தவர் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். பிரெஞ்சு அரசுக்கு எழுதும் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. தன் வாழ்க்கையை அதிகாரி நம்பும்படி ஒரு மனுவாக எழுதிக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். குர்னாவின் கிழவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார், இவன் பக்கம் பக்கமாக எழுதுகிறான், இரண்டு பேருக்கும் நிலைமை ஒன்றுதான். ஊர்ச் சண்டியரான அப்பாவின் பட்டப்பெயர் கொரில்லா, மகனுக்கு அப்பாவையே பிடிக்காது, ஆனாலும் அந்தப் பெயர் ஈழப் போராட்ட இயக்கத்துக்குள்ளும் அவனைத் துரத்திக்கொண்டு வருகிறது. வெளிநாட்டுப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு, அப்புறம் ஆபீஸில் எல்லோரும் தன்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை பாதியாவது புரியும்.

கொரில்லாவுக்கு நம் மாவட்டத்தில் வேறு ஒரு பொருத்தமும் உண்டு. பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், அகதி என்ற சொல் பலகையிலிருந்து போனது. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப்போலவே 'ஆக்கும்' போட்டுப் பேசுகிற பிள்ளைகள் பலருக்குக் குடியுரிமை மட்டும் கிடையாது. பாரிஸையும் லண்டனையும் பற்றி உருகிப் பேசுகிற கூட்டத்தில் யாராவது இதை எழுப்பினால் நல்லது. நான் கொரில்லாவை இரண்டாவது இடத்தில் வைப்பதற்கு ஒரே காரணம், அதன் கனத்த பகுதி போரும் இயக்கமும்தான், போய்ச் சேர்ந்த இடத்து வாழ்க்கை குறைவு. பேச்சு ஈழ அரசியலுக்குள் போனால், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், திரும்பி வராது.

ஆக, என் ஓட்டு பை த ஸீக்கு. ஆங்கிலம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கதை மாறி மாறிச் சொல்லப்படுவதால் ஆங்கிலம் வாசிக்கிற இரண்டு பேர் ஆளுக்கு ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு, ஒருவர் சாலிஹாகவும் ஒருவர் லத்தீஃபாகவும் தமிழில் சொல்லட்டும், மற்றவர்கள் பஞ்சாயத்து பண்ணலாம். தமிழ்ப் புத்தகம்தான் வேண்டும் என்று பெரும்பான்மை நின்றால் கொரில்லா, அதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். ஆடுஜீவிதத்துக்கு மட்டும் எதிர்த்து ஓட்டுப் போடுவேன், நாவல் மோசம் என்பதற்காக அல்ல, பேச என்ன மிச்சம் என்பதற்காக.

அமெரிக்கானாவைக் கிறிஸ்துமஸ் சமயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டால் நீளம் ஒரு பிரச்சினை இல்லை, டிசம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்கள் பாதிப்பேர் ஊருக்கு வந்துவிடுவார்கள். அந்த லாகோஸ் சங்கத்தைப் பற்றிய பக்கங்களை அவர்கள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசிக்கிறவர் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது நல்லது.